அறுபத்து மூன்றாவது பொட்டு

பாப்பாத்தி ஒரே ஒரு நாள் லீவு போட்டாள். அதில் வந்த வினைதான் இவ்வளவும்.

முப்பத்திரண்டு வருஷத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று அவள் வீட்டில் படுத்ததே கிடையாது. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம்தானே போக வேண்டும், டாக்டர் இருக்கிற இடத்துக்குத்தானே வேலைக்குப் போகிறோம், பிறகு லீவு எதற்கு என்பாள். அந்த வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. கோபத்துக்கு லீவு கேட்க முடியாது என்பதால் தலைவலி என்று சொல்லிவிட்டு, புக்கிட் பாஞ்சாங் வீட்டில் தங்கை சக்தியோடு உட்கார்ந்து நாள் முழுக்கப் பூண்டு உரித்தாள்.

சிங்கப்பூரில் டெக்கா சந்தையிலிருந்து நான்கு கட்டடம் தள்ளி, ஒரு நகைக்கடைக்கும் சேலைக்கடைக்கும் நடுவில் இருக்கிற மாடிப்படியில் ஏறினால் டாக்டர் இராஜரத்தினத்தின் கிளினிக். யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற டாக்டர் ஒருவர், பாப்பாத்தி ஒருத்தி, பன்னிரண்டு நாற்காலி. செம்பவாங்கில் கப்பல் பட்டறை ஆட்களுக்கு விட்டிருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் பாப்பாத்தி. இருபத்தாறு வயதில், மூன்று மாதம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று சொல்லித்தான் இந்தப் படி ஏறினாள். அப்புறம் கல்யாணம் ஆனது, புருஷன் போய்ச் சேர்ந்தான், டாக்டருக்குத் தலை நரைத்தது. அந்த மூன்று மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

கவுன்டருக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் இரண்டாயிரத்து நானூறு அட்டைகள். நோயாளிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. முருகையா என்ற பெயரில் மட்டும் பதினேழு பேர் உண்டு. எந்த முருகையாவுக்கு முட்டி வலி, எந்த முருகையாவுக்குச் சர்க்கரை என்பது ஆள் படியேறி வரும் சத்தத்திலேயே பாப்பாத்திக்குத் தெரிந்துவிடும்.

அந்த உறைகளில்தான் அவள் பொட்டு ஒட்டி வைத்திருந்தாள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம், செம்பவாங் மாசிலாமணி தொண்டை வலி என்று வந்தார். டாக்டர் மருந்து எழுதினார். பாப்பாத்தி எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், போன தடவை இந்த மருந்தைச் சாப்பிட்டுத்தானே இவருக்கு மூஞ்சி பலாப்பழம் மாதிரி வீங்குச்சு?"

"ஓம், அதை அட்டையில எழுதி வச்சிருக்கிறேனே."

"எங்க?"

டாக்டர் தன் கையெழுத்தைத் தானே பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். எறும்பு மையில் விழுந்து எழுந்து வீட்டுக்கு நடந்து போன மாதிரி இருந்தது எழுத்து. பாப்பாத்தி தன் நெற்றியில் இருந்த மெரூன் பொட்டை உரித்து, உறையின் நடுவில் ஒட்டினாள்.

"இதப் பார்த்தா உங்களுக்குப் புரியுமா? இந்தப் பொட்டு இருந்தா பெனிசிலின் வகை ஆகாது."

"நல்லாப் புரியும்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். மெரூன் பொட்டு இருந்தால் பெனிசிலின் கூடாது. பச்சைப் பொட்டு என்றால் ஊசியைக் கண்டால் மயக்கம் போடுகிறவர். கறுப்பு நீளப் பொட்டு என்றால் வாயாடி, டாக்டர் முதலில் ஒரு வாய் டீ குடித்துக்கொள்ள வேண்டும். நாளாவட்டத்தில் டாக்டர் பெனிசிலின் விஷயத்தை அட்டையில் எழுதுவதையே விட்டுவிட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் கொடுப்பார்: "பொட்டு இருக்குதா?" பாப்பாத்தி வெளியேயிருந்து இருக்கு என்பாள், இல்லை என்பாள். புதிதாக வந்தவர்கள் இது என்ன கிளினிக்கா, பெண் பார்க்கிற வீடா என்று விழிப்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் வந்தது.

கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்தவள் ஃபஸீலா. முப்பது வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய், பொறுமைசாலி. அவள் பாப்பாத்தியை உட்கார வைத்து விளக்கினாள். சின்னச் சின்ன கிளினிக்குகள், பல் டாக்டர்கள், மருந்துக்கடைகள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் சேரப் போகின்றன. ஒருவருக்கு இங்கே பார்த்த வைத்தியம் தீவின் மேற்குக் கோடியில், பூன் லேயில் இருக்கிற டாக்டருக்கும் தெரியும். அங்கே பார்த்தது இங்கே தெரியும். பூட்டுப் போட்ட பெட்டியில் போகிற கடிதம் மாதிரி, சாவி உள்ளவர்கள் மட்டும்தான் திறக்கலாம்.

"அப்போ மாசிலாமணி அண்ணனுக்கு மூலம் இருக்கிறது சிங்கப்பூர் முழுக்கத் தெரியணும்?" என்றாள் பாப்பாத்தி.

"அப்படி இல்ல லா, ஆன்ட்டி. அவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் மட்டும்தான் பார்க்கலாம். யார் பார்த்தாங்க, எப்போ பார்த்தாங்கன்னு சிஸ்டத்துல பதிவாகும்."

"பார்த்தவன் பேர எழுதி வச்சுட்டா, அவன் பார்த்தது பார்க்காததா ஆயிடுமா?"

ஃபஸீலா கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முதல் தடவை தேதி வைத்தபோது அலமாரிச் சாவியைக் காணோம் என்றாள் பாப்பாத்தி. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை தேதி வைத்தபோது ஆடி மாசம், புதுசாக ஒன்றும் தொடங்கக்கூடாது என்றாள். டாக்டரும் நல்ல மனுஷர், அதையே கம்பெனிக்குக் கடிதமாக எழுதினார். மூன்றாம் தடவை தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை அட்டைகளை மெஷினில் விட்டுப் படம் எடுப்பது, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் பெட்டிக்குள் அனுப்புவது என்று முடிவாயிற்று. என் அட்டைகளை எவனோ வந்து புரட்டுவதை நான் பார்க்க மாட்டேன் என்று சாவியை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு, அவள் வியாழக்கிழமை தலைவலியில் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்து அலமாரியைத் திறந்தாள். காலி. அட்டைகள் எல்லாம் பெயர் வரிசைப்படி பெட்டிகளில் கட்டி வைக்கப்பட்டிருந்தன, மொட்டையாக, உறை இல்லாமல்.

"உறையெல்லாம் எங்க?"

"பிளாஸ்டிக்கோட போட்டா மெஷின் ஏத்துக்காது ஆன்ட்டி. கழட்டிட்டோம்" என்றாள் ஃபஸீலா. "அதோ அந்தக் கறுப்புப் பையில இருக்கு. தூக்கிப் போடலாம்னு இருந்தேன்."

பாப்பாத்தி பையைக் கவிழ்த்தாள். இரண்டாயிரத்து நானூறு காலி உறைகள் தரையில் வழுக்கிக்கொண்டு விழுந்தன. நடுநடுவே மெரூன், பச்சை, கறுப்பு. பொட்டு இருந்தது. அது யாருடைய பொட்டு என்பது இல்லை.

அவள் பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றில் மெதுவாக உட்கார்ந்தாள். பச்சை போனால் போகட்டும், மயக்கம் போட்டவனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். கறுப்பும் போகட்டும். மெரூன்?

"ஃபஸீலா, ஒருத்தருக்கு மருந்து ஆகாதுங்கறத எழுதாம விட்டுட்டா, அந்த இடத்துல என்ன காட்டும்?"

"ஒண்ணும் பதிவாகலன்னு காட்டும்."

"அதைப் பார்க்கிற வேற டாக்டர் என்ன நினைப்பாரு?"

ஃபஸீலா கொஞ்சம் தயங்கினாள். "முப்பத்திரண்டு வருஷமாப் பார்க்கிற கிளினிக்கே ஒண்ணும் சொல்லல. அப்போ ஒண்ணும் இல்லன்னுதான் நினைப்பாரு."

பாப்பாத்தி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, இவர்களுக்கு ஆகாத மருந்து எதுவும் இல்லை என்று அவளே ஊருக்கெல்லாம் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். தான் வியாழக்கிழமை இங்கே நின்றிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஒரு பெட்டியைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துத் தன் கையெழுத்தைப் படிக்கப் பார்த்தார்.

"இது பெனிசிலின் எண்டுதானே இருக்குது?"

பாப்பாத்தி எட்டிப் பார்த்தாள். "அது பூரணம் அக்கா வீட்டு விலாசம், டாக்டர்."

டாக்டர் பூதக்கண்ணாடியை மேசைக்குள் வைத்து மூடினார்.

மெரூன் பொட்டு ஒட்டிய உறைகளை மட்டும் பிரித்து எண்ணினார்கள். அறுபத்து மூன்று.

"அறுபத்துமூவர்!" என்றார் டாக்டர். எந்த இக்கட்டிலும் அவருக்கு ஒரு சிரிப்பு வந்துவிடும்.

"எனக்கு எல்லாரும் மனப்பாடம்" என்றாள் பாப்பாத்தி. "நீ எழுது ஃபஸீலா, நான் சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பெயர் வரிசை ஞாபகம் வராது, முகம்தான் வரும். பன்னிரண்டு நாற்காலியிலும் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பார்த்தாள். வாசல் பக்கத்து நாற்காலியில் காற்றுக்கு உட்காருகிறவர் மாசிலாமணி. மின்விசிறிக்குக் கீழே பூரணம். சுவரோரம் சாய்ந்து தூங்குகிறவர் முருகையா.

"எந்த முருகையா ஆன்ட்டி?"

"மீசை வச்ச முருகையா."

"சிஸ்டத்துல மீசைக்கு இடம் இல்ல ஆன்ட்டி."

"அப்போ அந்த சிஸ்டத்த வச்சு நீங்க எப்படித்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறீங்க?"

சாயங்காலத்துக்குள் ஐம்பது பேர் ஆகிவிட்டது. சனிக்கிழமை காலையில் இன்னும் பன்னிரண்டு. டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். பாப்பாத்தியின் ஞாபகம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, சம்பந்தப்பட்டவர் தன் வாயால் ஆமாம் என்று சொல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன், இல்லாததை எழுதினால் நல்ல மருந்தும் ஒருவருக்குக் கிடைக்காமல் போய்விடும் என்றார். அதனால் ஒவ்வொருவருக்கும் போன்.

"என்ன பாப்பாத்தி, காலங்காத்தால?" என்றார் மாசிலாமணி. "நான் இருக்கேனா போயிட்டேனான்னு பார்க்கிறியா?"

"உங்களுக்கு எந்த மருந்து ஆகாது, சொல்லுங்கண்ணே."

"அதான் உனக்குத் தெரியுமே!"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பார்க்கிறேன்."

"அந்த பெனிசிலின் சனியன்தானே? என் மூஞ்சி வீங்கினத இப்ப நெனச்சாலும் என் பொஞ்சாதி சிரிக்கிறா."

இந்த மாதிரி அறுபத்திரண்டு போன். உமாமகேஸ்வரி டீச்சர் மட்டும், என் உடம்பைப் பற்றிப் போனில் கேட்கிற நீ யார், அத்தாட்சி என்ன என்று கேட்டு மூன்று தடவை வைத்துவிட்டாள். பாப்பாத்தி நான்காம் தடவை, "டீச்சர், போன மாசம் உங்க செருப்பு மாறிப்போச்சுன்னு படியில நின்னு அழுதீங்களே, அந்தப் பாப்பாத்திதான்" என்றதும் நம்பிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கணக்குப் பார்த்தபோது பெயர் அறுபத்திரண்டு, உறை அறுபத்து மூன்று. பாப்பாத்தி மறுபடி கண்ணை மூடினாள். நாற்காலிகளில் ஆட்களை ஏற்றி இறக்கினாள். பொதுக் கழிப்பறைக்குப் போகிற வழியில் நிற்கிறவர்களைக்கூட விடவில்லை. ஒருவரும் மிச்சம் இல்லை.

"எண்ணும்போது தப்பியிருக்கும்" என்றார் டாக்டர். மறுபடி எண்ணினார்கள். அறுபத்து மூன்று.

"ஒண்ணு சும்மா ஒட்டியிருக்கலாம்தானே?" என்றார் டாக்டர்.

"நான் சும்மா ஒட்டுறவளா?"

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க" என்றாள் ஃபஸீலா. "நீங்க குனியும்போது உங்க நெத்தியில இருந்து விழுந்து ஒட்டிக்கிட்டிருக்குமோ?"

பாப்பாத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் போனதுலேருந்து நான் கறுப்புச் சாந்துதான் வைக்கிறேன். சாந்து விழுந்து ஒட்டுமா? ரெண்டு பிள்ளை பெத்திருக்க, இது தெரியல."

டாக்டர் சமாதானமாகச் சொன்னார். "அறுபத்திரண்டு பேரைப் பிடிச்சிட்டீர். பெரிய காரியம். இனி நீர் வீட்டுக்குப் போய்ப் படும்."

"நாயன்மார்ல ஒருத்தர விட்டுட்டுக் கோயில்ல யாராவது சாமி தூக்குவாங்களா, டாக்டர்?"

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்து மூன்று உறைகளையும் வாங்கி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள் பாப்பாத்தி. ஐம்பதாவதோ அறுபதாவதோ கையில் இருக்கும்போது பளிச்சென்று ஒன்று மின்னியது.

மெரூன்தான். ஆனால் நடுவில் ஒரு சின்னக் கல் வைத்த பொட்டு.

"இது என் பொட்டு இல்ல. சக்தியோடது!"

சக்தி கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் வைத்துக்கொள்கிற கல் பொட்டு. அதை பாப்பாத்தி ஏன் கிளினிக்குக்குக் கொண்டுவந்தாள்? உட்கார்ந்து யோசித்தாள். பொட்டு வாங்குகிற கடை மூடியிருந்திருக்க வேண்டும். அந்தக் கடை தீபாவளி அன்றைக்குக்கூட மூடியதில்லை. கொரோனாவில் ஊரடைத்த இரண்டு மாதம்தான் மூடியிருந்தது. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, சக்தியின் கல் பொட்டு சும்மாதான் கிடந்தது. அதிலிருந்து எடுத்துவந்து ஒட்டியிருக்கிறாள்.

"அப்போ ஏன் உங்களுக்கு முகம் ஞாபகம் இல்ல?" என்று கேட்டாள் ஃபஸீலா.

பாப்பாத்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "முகம் எங்கடி இருந்துச்சு? எல்லாரும் மாஸ்க்கு போட்டுல்ல வந்தாங்க!"

அந்த இரண்டு மாதமும் வாசலில் காய்ச்சல் பார்த்துப் பெயர் எழுதிய நோட்டு இருந்தது. அதைப் புரட்டினார்கள். ஊரடங்கில் கிளினிக்குக்கு வந்தவர்களே கொஞ்சம். அதில் புதிதாக வந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேருக்குப் போன் கிடைத்தது. எட்டுப் பேரும், எந்த மருந்தும் எங்களுக்கு ஒத்துக்கொள்ளும், கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்றார்கள். ஒன்பதாவது பெயர் கோவிந்தராசு. அவருடைய நம்பர் செத்துப்போயிருந்தது. பக்கத்தில் பாப்பாத்தியின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: டெக்கா, காய்கறி.

"அப்போ அவர்தான். எழுதிடலாமா டாக்டர்?" என்றாள் ஃபஸீலா.

"கேட்காமல் எழுதேலாது" என்றார் டாக்டர். "மற்ற எட்டுப் பேரில ஒருத்தர் மறந்துபோய் இல்லை எண்டு சொல்லியிருந்தால்?"

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் ஒரு மணிக்கு மூடும். ஊரில் உள்ள தொழிலாளிகள் எல்லாம் கூடுகிற நாள், நாற்காலி நிறைந்து படியிலும் ஆள் நிற்கும். கடைசி ஆளை அனுப்பியதும், டாக்டரையும் ஃபஸீலாவையும் கிளினிக்கிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பாப்பாத்தி கைப்பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தாள். காய்கறிக் கடைகளில் ஒன்று விடாமல் கேட்டாள். நான்காவது கடை அஹமது கபீருடையது. அவர் முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"கோவிந்தராசா? என்கிட்டதான் இருந்தான். ரெண்டு வருஷம் ஆச்சு போயி. இப்போ பூன் லே மார்க்கெட்டுல, அவன் மச்சான் கடையில நிக்கிறான். என்னக்கா, கடன் ஏதும் வச்சுட்டானா?"

"உயிர வச்சுட்டுப் போயிருக்காரு" என்றாள் பாப்பாத்தி. அஹமது கபீர் முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டார்.

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி, பச்சைத் தட ரயிலைப் பிடித்து, நின்றுகொண்டே பூன் லேக்குப் போனாள். அங்கேயிருந்து பஸ். மார்க்கெட்டில் பாதிக் கடை கழுவி மூடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்துக் கடையில் ஐம்பது வயது ஆள் ஒருவர் வாழைத்தாரைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். வட்டமான முகம், கன்னத்தில் ஒரு மறு, முன் பல் கொஞ்சம் தூக்கல். பாப்பாத்தி அந்த முகத்தைத் தன் நாற்காலிகள் பன்னிரண்டிலும் உட்கார வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் பொருந்தவில்லை.

"நீங்கதான் கோவிந்தராசா?"

"ஆமா. நீங்க யாருக்கா?"

"டெக்கா பக்கம், மாடியில, டாக்டர் இராஜரத்தினம் கிளினிக். கொரோனா சமயத்துல வந்தீங்களே. ஞாபகம் இருக்கா?"

அவர் அவளைப் பார்த்தார். "கிளினிக் ஞாபகம் இருக்கு. அங்க ஒரு அம்மா அதட்டுவாங்களே, அவங்க ஞாபகம் இருக்கு. உங்கள ஞாபகம் இல்லையே."

"உங்ககிட்ட மாஸ்க்கு இருக்கா?"

"இப்ப எதுக்குக்கா மாஸ்க்கு?"

பாப்பாத்தி சுற்றும்முற்றும் பார்த்தாள். கடையில் நறுக்கிப்போட்ட வாழை இலை கிடந்தது. ஒரு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "வாயையும் மூக்கையும் மூடுங்க."

கோவிந்தராசு பயந்துபோய் மூடினார். இலைக்கு மேலே இரண்டு கண் மட்டும். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பாப்பாத்தி ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் கையைத் தட்டினாள்.

"மூணாவது நாற்காலி! இருமுறப்பவெல்லாம் எழுந்து படிக்குப் போயி இருமிட்டு வருவீங்க! மரியாதை தெரிஞ்ச ஆளுன்னு நானே டாக்டர்கிட்ட சொன்னேன்!"

அவருக்கு மட்டும் இன்னும் சந்தேகம். பாப்பாத்தியே இன்னொரு இலையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "தள்ளி உக்காரு! ஒரு மீட்டர்!" என்று ஓர் அதட்டல் போட்டாள்.

"அய்யோ, அக்கா! நீங்களா!" என்றார் கோவிந்தராசு. இரண்டு பேரும் இலையை எடுக்காமலே சிரித்தார்கள். பக்கத்துக் கடைச் சீனக் கிழவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்று பார்த்தார். அவர் காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப சொல்லுங்க. உங்களுக்கு எந்த மருந்து ஆகாது?"

"பெனிசிலின்கா. சின்ன வயசுல அதக் குடுத்துத்தான் மூச்சு நின்னு போயி ஆஸ்பத்திரியில கிடந்தேன். முதல் நாளே உங்ககிட்ட சொன்னேனே. ஒரு பொட்டு எடுத்து ஒட்டுனீங்க. எதுக்குன்னு கேட்டேன். கேள்வி கேட்காதேன்னீங்க."

பாப்பாத்திக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாழைத்தார் வைத்திருந்த பெட்டியிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள், அவர் பேசும்போதெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறார்.

"பல்லு வலியா?"

"பத்து நாளா. செவ்வாய்க்கிழமை பிடுங்குறாங்க. புக்கிட் பாஞ்சாங்குல ஒரு பல் டாக்டர்."

"மருந்து ஏதாவது ஆகாதான்னு கேட்டாங்களா?"

"நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் குடுத்தாங்க. இல்லைன்னு போட்டுட்டேன்."

பாப்பாத்தி எழுந்துவிட்டாள். "மூச்சு நின்னுபோன மனுஷன் இல்லைன்னு போடுவானா? ஏன்?"

கோவிந்தராசு குழந்தை மாதிரி விழித்தார். "அதான் உங்ககிட்ட சொல்லிட்டேனேக்கா. எல்லா டாக்டருங்களும் உங்களுக்குள்ள பேசிக்க மாட்டீங்களா? ஒரு எடத்துல சொன்னா எல்லா எடத்துலயும் தெரியும்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்."

ஒரு வருஷமாகத் தேதியைத் தள்ளினவள் பாப்பாத்தி. சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காணோம் என்றவள். ஆடி மாசத்தின் மேல் பழி போட்டவள். அவள் தடுத்துக்கொண்டிருந்த காரியம் என்றைக்கோ நடந்துவிட்டதாக நம்பி இந்த ஆள் பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பாப்பாத்தி போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், ஆள் கிடைச்சாச்சு. அவர் வாயால கேளுங்க." போனை கோவிந்தராசிடம் கொடுத்தாள். "சத்தமா சொல்லுங்க."

"எனக்குப் பெனிசிலின் ஆகாதுங்க, டாக்டர்."

"இன்னும் சத்தமா!"

"எனக்குப் பெனிசிலின் ஆகாது!"

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. கோழிக்கடை மலாய்க்காரம்மா, அப்படி என்றால் கோழி ஆகுமா என்று கேட்டாள். எதிர்க்கடைப் பெண் வந்து, அக்கா, எனக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கிறது, அதையும் எழுதுவீர்களா என்றாள். பாப்பாத்தி எல்லோரையும் ஓர் அதட்டல் அதட்டிவிட்டு, போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"எழுதியாச்சா?"

"ஓம், ஃபஸீலா எழுதிறா. நாளைக்கு ஒன்பது மணிக்கு அறுபத்து மூன்றும் போகும்."

"ஒன்பதேகாலுக்குப் பல் டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும் எண்டுதான் சொல்லுறா."

"அப்போ ஒன்பதே முக்காலுக்கு நான் போன் பண்ணிக் கேட்பேன்" என்றாள் பாப்பாத்தி.

அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை ஒன்பதரைக்கே கிளினிக் போன் அடித்தது. புக்கிட் பாஞ்சாங் பல் டாக்டர் கிளினிக் கவுன்டரில் இருக்கிற நிவேதிகா பேசினாள். நாளைக்கு வருகிறவர்களின் விவரத்தைத் திறந்து பார்த்தாளாம். கோவிந்தராசு பாரத்தில் ஒன்றும் ஆகாததில்லை என்று போட்டிருக்கிறார், திரையில் பெனிசிலின் ஆகாது என்று சிவப்பாக நிற்கிறது, எது சரி என்று கேட்டாள்.

"திரைதான் சரி" என்றாள் பாப்பாத்தி. இந்த வார்த்தை தன் வாயிலிருந்து வருமென்று அவளே நினைத்ததில்லை. "பாரத்தைக் கிழிச்சுப் போடும்மா. நல்ல மனுஷன், பாவம்."

"சரிங்க அக்கா. டாக்டர்கிட்ட சொல்லி வேற மருந்து எழுதிடறோம்."

"அது மட்டும் இல்ல. அவர் வலிய வெளிய காட்டமாட்டாரு. இருமல் வந்தாக்கூட எழுந்து போயித்தான் இருமுவாரு. வாயைத் திறந்து வச்சிருக்கும்போது வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாரு. நம்பாதீங்க. கண்ணப் பாருங்க, புருவத்துல தழும்பு இருக்குல்ல, அது மேல ஏறுச்சுன்னா வலிக்குதுன்னு அர்த்தம்."

அந்தப் பக்கம் நிவேதிகா இதையெல்லாம் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவளும் தொடங்கினாள். உங்கள் ஆள் மாசிலாமணி என்று ஒருவர் எங்களிடமும் வருகிறார், பல்செட்டை எப்போதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார், அங்கேயும் இப்படித்தானா என்றாள்.

"அந்தக் கதையைக் கேளு" என்று பாப்பாத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆன்ட்டி!" ஃபஸீலா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "இதெல்லாம் போன்ல பேசக் கூடாது! பூட்டுப் போட்ட பெட்டி வழியாத்தான் போகணும்! இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்குச் செஞ்சோம்?"

உள்ளேயிருந்து டாக்டர், அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி மூன்றாவது தடவையாகக் குரல் கொடுத்தார். வாசலில் முருகையா, மீசை வைத்தவர், நின்றுகொண்டிருந்தார். ஃபஸீலா சொன்னதில் நியாயம் இருப்பது பாப்பாத்திக்குத் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். போனை வைக்கவில்லை.